தாளிலிருந்து கோப்புக்கு: பெரிய கட்டட வரைபடங்களும் எஸ்டிமேட் தொழிலும்

போரூருக்கும் பூந்தமல்லிக்கும் இடையிலுள்ள காட்டுப்பாக்கம், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26.1 கி.மீ. நீளும் சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் நான்காம் வழித்தடத்தில் ஓர் உயர்மட்ட நிலையத்தைப் பெற்ற ஊராகும். இத்தகைய பெரும்பணிகளுக்கான எஸ்டிமேட், அதாவது வரைபடத்திலிருந்து கான்கிரீட், கம்பி, பூச்சு முதலியவற்றின் அளவைக் கணித்து விலையிடும் வேலை, இன்று கணினித் திரைக்கு மாறிவிட்டபோதிலும், பெரிய வரைபடத்தைக் கையாளும் அடிப்படை முறை தாள் காலத்திலேயே வகுக்கப்பட்டதாகும்.

ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த புளூபிரிண்ட் முறையும், பின்னர் அதன் இடத்தைப் பிடித்த அம்மோனியா பிரிண்டும், டிரேசிங் தாளை ஒளியுணர் தாளின்மீது படியவைத்து எடுக்கப்பட்டமையால், மூலத்தின் அளவிலேயே நகல் தந்தன. ஆயினும் ஈரத்தால் தாள் சுருங்கி விரியும் என்பதால், ஸ்கேல் வைத்து அளப்பதைவிட வரைபடத்தில் எழுதப்பட்ட அளவையே கொள்ள வேண்டும் என்னும் விதி வேரூன்றியது. ஒரு தாளில் அடங்காத வளாகம் பல தாள்களாகப் பிரிக்கப்பட்டு, அவை சேருமிடம் மேட்ச் லைன் எனும் பொருத்துக்கோட்டாலும், ஒவ்வொரு தாளுக்கும் உரிய பகுதி கீ பிளானாலும் உணர்த்தப்பட்டன.

1982இல் ஆட்டோகேடும் 1993இல் பி.டி.எஃப். வடிவமும் வந்தபின், வரைபடம் இருவகைக் கோப்பாயிற்று: கோடுகளைக் கணித விவரமாக வைத்திருக்கும் வெக்டர் ஒன்று, புள்ளிகளின் தொகுதியாக வைத்திருக்கும் ராஸ்டர் மற்றொன்று. 841 மி.மீ.க்கு 1189 மி.மீ. அளவுள்ள ஏ-0 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 14 கோடி புள்ளிகள் உண்டாகின்றன. சுருக்கப்படாத முழு வண்ணத்தில் இது சுமார் 418 மெகாபைட் நினைவகத்தைக் கொள்ள, கறுப்பு வெள்ளையில் ஏறத்தாழ 17 மெகாபைட்டே போதும். வெக்டர் கோப்போ, நிழற்கோடுகள் இலட்சக்கணக்கில் நிறைந்திருந்தால், சிறிய கொள்ளளவிலும் திரையைத் திணறச் செய்யும்.

ஆகவே வரைபடத் தொகுப்பைப் பக்கம் பக்கமாகப் பிரித்தல், தேவையற்ற லேயர்களை, அதாவது வரைபட அடுக்குகளை, அணைத்தல், ஒரு பக்கத்தையே சிறு கட்டங்களாக்கிப் பார்க்கும் பகுதியை மட்டும் திரைக்குக் கொணர்தல் ஆகியவை தீர்வுகளாயின; இவை மேட்ச் லைன் முறையின் தொடர்ச்சியே. பழைய விதியும் உருமாறி நீடிக்கிறது: கோப்பைச் சுருக்கும்போதோ பக்க அளவை மாற்றும்போதோ ஸ்கேல் பிறழக்கூடும் என்பதால், எழுதப்பட்ட ஓர் அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே மதிப்பீட்டாளர் அளக்கத் தொடங்குகிறார்.