நிலத்து முதலைகளின் மண்டைக்குள்ளே: மூளைக்குழி ஆய்வு வளர்ந்த விதம்

இன்றைய முதலையைக் கொண்டு அதன் குலத்தின் பழமையை அளந்தால் கணக்குத் தப்பும். கிரெட்டேசியக் காலத்தில் தென்கண்டங்களில் செழித்த நோட்டோசூக்கியா பிரிவின் பெரும்பாலான இனங்கள் தரையில் நடமாடியவை. அவற்றுள் செபெசிடுகள் டைனோசர்களின் அழிவுக்குப் பின்னும் பல கோடி ஆண்டுகள் தென் அமெரிக்காவில் வேட்டையாடின. இவற்றின் மண்டைக்குள் ஆய்வாளர்கள் முதலில் தேடியது மூளையை. உறுதியான சான்று தந்தது உள்செவி என்பதே என் கருத்து.

அர்ஜென்டினாவின் படகோனியாவில் கிடைத்த, ரம்பம்போல் விளிம்புடைய பற்கள் நெடுங்காலம் டைனோசர்களுடையவையோ என்று எண்ண வைத்தன. அந்தக் குழப்பம் தீர மண்டையோடு ஒன்று வேண்டியிருந்தது. ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன் 1937இல் செபெகஸ் என்று பெயரிட்ட விலங்குக்கு அது இருந்தது: உயர்ந்து ஒடுங்கிய மூக்கு, பக்கம் பார்த்த கண்கள். 1946இல் எட்வின் கோல்பர்ட் அதை விரிவாக விவரித்தபோது மூளைக்குழியின் உள்வார்ப்பையும் சேர்த்துக்கொண்டார். 1979இல் ஜேம்ஸ் ஹாப்சன் ஊர்வனவற்றின் தொல்மூளையியலைத் தொகுத்தபோதும் இக்குழுவுக்குச் செபெகஸே முக்கியச் சான்றாக நின்றது. ஓர் இனத்தை வைத்துக் குழு முழுவதையும் பேச வேண்டிய நிலை.

அதற்குக் காரணம் எளிது. உள்ளே பார்க்க வேண்டுமானால் குழியில் தானாக இறுகிய மண்வார்ப்பு கிடைக்க வேண்டும், அல்லது மண்டையைத் துப்புரவாக்கி ரப்பர்ப்பால் ஊற்ற வேண்டும், அல்லது அறுக்க வேண்டும். உலகில் ஒன்றே ஒன்றாய் இருக்கும் மண்டையை அறுக்க எந்த அருங்காட்சியகம் ஒப்பும்?

சி.டி. ஸ்கேன் இந்தத் தடையை உடைத்தது. 2009இல் பால் செரெனோவும் ஹான்ஸ் லார்சனும் சகாராவில் கிடைத்த அனடோசூகஸ், அராரிபெசூகஸ் ஆகியவற்றின் உள்வார்ப்புகளை வெளியிட்டனர். அவற்றின் முன்மூளைப் பகுதி இன்றைய முதலைகளுடையதைவிட அகன்றிருந்தது. அடுத்த ஆண்டில் மடகாஸ்கரின் சிமோசூகஸ் பற்றிய விரிவான மண்டை ஆய்வு வந்தது. குட்டை மூக்கும், செடி தின்னத் தோதான பல்முனைப் பற்களும் கொண்ட விசித்திரப் பிராணி அது. அதைப் போன்ற ஒரு பல் நம் அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டுப் படிவிலும் கிடைத்துள்ளது. மண்டையோடு இல்லாததால் அதன் செவியைப் பற்றி எதுவும் சொல்ல வழியில்லை.

அகன்ற முன்மூளையைக் கண்டதும் இவை இன்றைய முதலைகளைவிடக் கூரிய அறிவுடையவை என்ற ஊகம் எழுந்தது. எனக்கு அதில் தயக்கம் உண்டு. முதலையின் மூளை தன் குழியை நிரப்புவதில்லை; இடையில் உறைகளும் இரத்த நாளங்களும் உள்ளன. நைல் முதலைகளை அளந்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், குட்டியின் குழியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அடைத்த மூளை, பெருத்த விலங்கில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. ஆகவே உள்வார்ப்பின் பருமனை மூளையின் பருமனாகக் கொள்ளும்போது விலங்கின் வயதும் கணக்கில் வந்தாக வேண்டும். பிரேசிலின் பவுருசூகஸ் பற்றிய 2020ஆம் ஆண்டு ஆய்வு வளர்ச்சிநிலை வேறுபாட்டையே ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டது நல்ல திருப்பம்.

உள்செவியில் இந்தச் சிக்கல் குறைவு. அரைவட்டக் குழல்களை எலும்பு நெருங்கிச் சூழ்ந்திருப்பதால், அவற்றின் வடிவம் கல்லிலும் ஓரளவு நேர்மையாகப் பதிகிறது. தலையின் அசைவை உணர்த்தும் உறுப்பு அது. 2020இல் ஜூலியா ஷ்வாப் குழுவினர் முதலை மரபில் இதை ஒப்பிட்டனர். தரைவாழ் இனங்களில் குழல்கள் உயர்ந்து மெலிந்திருந்தன. கடலுக்குள் முற்றாகச் சென்ற தலாட்டோசூக்கியாவில் குறுகித் தடித்திருந்தன. அரைநீர் வாழ்வின் நீண்ட கட்டம் கடந்த பிறகே இந்த மாற்றம் ஏற்பட்டது என்பது அவர்களின் முடிவு.

பொலிவியாவின் பேலியோசீன் படிவில் கிடைத்த சுல்மாசூகஸின் மண்டையும் பின்னர் ஸ்கேன் செய்யப்பட்டது. இப்போது செபெகஸுக்கு அருகில் வைத்து ஒப்பிட ஓர் உறவினர் உண்டு. ஆனால் கிடைமட்டக் குழலை மட்டத்தில் நிறுத்தி, விலங்கு தலையை எந்தக் கோணத்தில் தாங்கியது என்று கணிப்பதை அப்படியே ஏற்பதற்கில்லை. டைனோசர்களில் அக்குழலின் சாய்வு பெரிதும் மாறுபடுவதாக 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. குழலின் வடிவம் வாழிடத்தைச் சொல்லலாம். தலை நிமிர்ந்ததா குனிந்ததா என்பதற்குக் கழுத்தெலும்பையும் பிடரியின் மூட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.