வாசலில் தொங்கும் இலை: 1877 அந்தமான் தட்டம்மையும் எச்சரிக்கையின் திசையும்

பெருந்தொற்றுக் காலத்தில் மக்களிடம் நோயபாயத்தை எவ்வாறு எடுத்துரைப்பது என்னும் விவாதம், பெரும்பாலும் மொழிபெயர்ப்புச் சிக்கலாகவே நம்மிடையே நடைபெறுகிறது. எந்த மொழியில் சொல்வது, எந்தச் சொல்லைத் தேர்வது, யாரைக்கொண்டு சொல்ல வைப்பது என்ற கேள்விகளே முன்னிற்கின்றன. மொழியியல் பயின்றவர்களுக்கு இக்கேள்விகள் உவப்பானவை. ஆனால் அவற்றுக்கு முன்பாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எச்சரிக்கை யாரை நோக்கிச் சொல்லப்பட வேண்டும்? அந்தமான் தீவுகளின் வரலாறு இக்கேள்வியை வேறெந்த நிலப்பகுதியைக் காட்டிலும் கூர்மையாக எழுப்புகிறது.

1858இல் போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) ஆங்கிலேயர் தண்டனைக் குடியிருப்பை நிறுவினர். அப்போது பெரிய அந்தமானியர் பத்துக் குழுக்களாக, பத்து மொழிகள் அல்லது வழக்குகள் பேசி, சில ஆயிரம் பேராக வாழ்ந்தனர். 1863இல் பாதிரியார் ஹென்றி கார்பின் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' ஒன்றைத் தொடங்கினார். உணவும் புகையிலையும் கிடைத்த இத்தகைய இல்லங்களுக்குக் காட்டிலிருந்து மக்கள் வந்து, சில நாள் தங்கி, மீண்டும் காடு திரும்பினர். நட்புறவுக்கென வகுக்கப்பட்ட இந்தப் போக்குவரத்தே நோயின் பாதையும் ஆயிற்று. 1876இல் மேகநோய் கண்டறியப்பட்டது. 1877 மார்ச்சில் தட்டம்மை பரவியது. பிற்காலத்தில் இல்லங்களின் பொறுப்பை வகித்த எம். வி. போர்ட்மன், 1899இல் வெளியிட்ட வரலாற்று நூலில், பெரிய அந்தமான் மக்களுள் பாதிப் பேரேனும், ஏன் மூன்றில் இரு பங்கினரேனும், இந்நோயால் மாண்டிருக்கலாம் என மதிப்பிட்டார். 1901 கணக்கெடுப்பில் எஞ்சியவர் 625 பேர், 1931இல் 90, 1961இல் 19.

இவ்வழிவை அறியாமையின் விளைவு என்று சொல்லிவிட முடியுமா? 1846இல் ஃபாரோ தீவுகளில் பரவிய தட்டம்மையை ஆராய்ந்த டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும், தொற்றுக்கும் தடிப்புக்கும் இடையே ஏறத்தாழப் பதினான்கு நாள் கழிகிறது என்பதையும், நோய் ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவுகிறது என்பதையும் எழுதிவிட்டார். 1875இல், அதாவது அந்தமான் பேரழிவுக்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், அதே பிரித்தானியப் பேரரசின் ஃபிஜித் தீவுகளில் தட்டம்மை புகுந்தது. சிட்னியிலிருந்து போர்க்கப்பலில் திரும்பிய மன்னர் தக்கோம்பாவின் குழுவினர் அதனைக் கொண்டுவந்தனர். அவரை வரவேற்கக் கூடிய தலைவர்கள் தத்தம் ஊருக்கு எடுத்துச் சென்றனர். மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கிற்குக் குறையாமல் மடிந்தனர். முன்பு அம்மை காணாத தீவுக்குள் அது நுழைந்தால் என்ன நேரும் என்பது பேரரசுக்குத் தெரிந்தே இருந்தது. அந்த அறிவு போர்ட் பிளேரில் நடைமுறையாகவில்லை.

மொழி தடையாக இருந்ததா? இங்கேதான் 1877ஆம் ஆண்டு ஓர் ஆய்வாளனைத் திடுக்கிட வைக்கிறது. 1875இல் இல்லங்களின் பொறுப்பேற்ற ஈ. எச். மேன், தென் அந்தமானின் அக்கா-பியா மொழியை ஊன்றிக் கற்றவர். மனித உடலை வகைகளாகப் பகுத்து அவற்றை முன்னொட்டுகளால் குறிக்கும் வியத்தகு இலக்கணம் அக்குடும்பத்துக்கு உரியது. உடல் சார்ந்த பல சொற்கள் அம்முன்னொட்டின்றித் தனித்து நிற்பதில்லை. நோயைப் பற்றி நுட்பமாகப் பேச இதைவிடத் தக்க மொழியமைப்பை எண்ணிப் பார்ப்பது அரிது. அம்மொழியில் மேன் செய்த மொழிபெயர்ப்பு ஒன்று ஆர். சி. டெம்பிளின் முன்னுரையோடு 1877இல் கல்கத்தாவில் அச்சேறியது. மொழிபெயர்க்கப்பட்டது கிறித்தவர்களின் 'பரமண்டல மந்திரம்'. மேன் நோயாளிகளைப் புறக்கணித்தார் என்று இதற்குப் பொருளன்று. நோயுற்றோரைத் திரட்டி மருத்துவம் பார்க்கும் முயற்சி நடந்தது. ஆயினும், நுட்பமான செய்தியை அம்மொழியில் சொல்லும் ஆற்றல் அங்கே இருந்தது என்பதற்கு அச்சிறுநூல் சான்று. குறை மொழிபெயர்ப்பில் இல்லை.

அந்தமானியரிடம் எச்சரிக்கைக்கான தம் சொந்த முறை இல்லாமலும் இல்லை. 1906-08இல் கள ஆய்வு செய்த ராட்கிளிஃப்-பிரௌன், 1922இல் வெளிவந்த நூலில் ஒரு வழக்கத்தைப் பதிவு செய்கிறார். குடியிருப்பில் ஒருவர் இறந்தால், பனையினத்து இலையைக் கீறிக் குஞ்சமாக்கி நுழைவாயிலிலும் புதைத்த இடத்தருகிலும் நட்டுவிட்டு, துக்கம் முடியும்வரை அவ்விடத்தை விட்டு அகல்வர். தற்செயலாக வருபவன் அக்குஞ்சத்தைக் கண்டு சாவு நேர்ந்திருப்பதை அறிந்துகொள்வான்.

தமிழருக்கு இது அந்நியமான குறியன்று. அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலைக் கொத்துத் தொங்குகிறது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அயலார் உள்ளே வருவதில்லை. நோயை 'அம்மா வந்திருக்கிறாள்' எனச் சொல்லும் அவ்வீட்டின் சமய விளக்கம் எதுவாயினும், வாசலில் உள்ள இலை பேசுவது நோயாளியிடம் அன்று, வருபவனிடம். அந்தமான் குஞ்சமும் அவ்வாறே. இரண்டும் வெளியிலிருந்து வருபவனை நிறுத்தும் குறிகள்.

எனினும் இக்குறிகளைப் புனிதப்படுத்திவிடலாகாது. அந்தமான் குஞ்சம் சாவுக்குப் பின் நடப்படுவது. தட்டம்மையோ தடிப்புத் தோன்றுவதற்கு முன்பே தொற்றுவது. இடத்தை விட்டு அகலும் வழக்கம், அகல்பவர் உடலில் நோய் இருந்தால், அதனை அடுத்த குடியிருப்புக்குக் கொண்டுசேர்க்கும். இதைப் போலவே, வட அந்தமான் மொழிகளில் காடு, கடல் ஆவிகளைக் குறிக்கும் 'லாவ்' என்னும் சொல், குடியிருப்பில் கண்ட இந்தியரையும் பர்மியரையும் குறிக்க வழங்கியதை ராட்கிளிஃப்-பிரௌன் குறிப்பிடுகிறார். நோய் தருபவை ஆவிகளே என்பது அவர்தம் நம்பிக்கை. எனவே இச்சொல்லாட்சியை நோய்ப்பரவல் அறிவாகப் படிக்கும் ஆசை எழுகிறது. அது பின்னோக்கிய வாசிப்பு. சொற்பொருள் விரிவுக்கு வேறு காரணங்களும் இருக்கக்கூடும். ஆனால், நோய் 'லாவ்' வழியாகவே வந்தது என்பது வரலாற்று உண்மை.

எச்சரிக்கையை வருபவனை நோக்கித் திருப்பினால் என்ன விளையும் என்பதற்கு 1918 சமோவா சான்று. அமெரிக்கச் சமோவாவின் ஆளுநர் போயர் கப்பல்களைக் கட்டுப்படுத்தினார்; அங்கே இன்ஃபுளுவென்சாவால் எவரும் மாளவில்லை. நியூசிலாந்து ஆட்சியில் இருந்த மேற்குச் சமோவாவில் 'டலூன்' என்னும் கப்பல் தடையின்றிக் கரைசேர்ந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மாண்டனர். இரு தீவுகளிலும் ஒரே மக்கள், ஒரே மொழி. வேறுபட்டது கப்பலுக்குச் சொல்லப்பட்ட சொல்.

அந்தமானில் இப்பாடம் மெதுவாகவே கற்கப்பட்டது. 1997 இறுதியில் ஜாரவா மக்கள் காட்டைவிட்டு வெளிவரத் தொடங்கினர். 1999இலேயே அவர்களிடையே தட்டம்மை பரவியது. மருத்துவ வசதியால் 1877 மீண்டும் நிகழவில்லை. ஜாரவா காப்புக்காட்டை ஊடறுக்கும் அந்தமான் டிரங்க் ரோட்டின் அப்பகுதிகளை மூடுமாறு 2002இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது, போக்குவரத்து நிற்கவில்லை. 2020இல் கோவிட் வந்தபோது ஜாரவாக்களைச் சாலையிலிருந்து விலக்கி மேற்குக் கரைப்பக்கம் இருக்கச் செய்யும் முயற்சி நடந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், ஐம்பதுக்குச் சற்று மேற்பட்டவரே எஞ்சியிருந்த பெரிய அந்தமானியருள் பத்துப் பேருக்குத் தொற்று உறுதியானது; அவர்கள் மீண்டனர். அன்று அவர்களிடம் நோயைப் பற்றிப் பேச மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அவர்தம் அன்றாட மொழி அந்தமான் இந்தியாகிவிட்டிருந்தது. போ மொழியின் கடைசிப் பேச்சாளர் போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். சாரே மொழியின் கடைசிப் பேச்சாளர் லிச்சோ 2020 ஏப்ரலில் மறைந்தார். மொழித்தடை நீங்கியது, மொழி நீங்கியதால்.

நோயபாயத் தொடர்பியலில் ஆய்வு செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாய்மொழியில் செய்தி சென்றதா என்று அளப்பது இன்றியமையாதது. தமிழும் வங்காளமும் இந்தியும் நிக்கோபாரியும் வழங்கும் தீவுகளில் அது எளிய பணியும் அன்று. ஆனால் சிறு குழுக்களைப் பொறுத்தவரை, அபாயத்தைச் சுமந்து செல்பவர் யாரோ அவரே முதல் கேட்போர். டிரங்க் ரோட்டில் செல்லும் பயணி, மீன் தேடி அத்துமீறி நுழையும் படகோட்டி, பணிக்குச் செல்லும் அலுவலர் ஆகியோருக்கு என்ன சொல்லப்பட்டது, எவ்வளவு கண்டிப்புடன் சொல்லப்பட்டது என்பதையும் நம் தரவில் சேர்க்க வேண்டும். அத்தரவு இல்லாத ஆய்வு, வேப்பிலையை வீட்டுக்குள் தொங்கவிட்டு வாசலைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.