டேப் போச்சு, நாவல் இருக்கு

'டாக்டர் ஹூ' பிபிசியில் 1963 நவம்பரில் ஆரம்பிச்சது. அடுத்த ஆண்டே அதன் ஸ்கிரிப்ட் எடிட்டர் டேவிட் விட்டேக்கர், டேலெக் கதையை நாவலாக்கினார்.

பிறகு பிபிசி 1960-களின் பல டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தியது. 1964-ல் வந்த 'மார்க்கோ போலோ'வின் ஏழு பகுதிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒலிப்பதிவும் சில ஸ்டில்களும்தான் மிச்சம். அதை எழுதிய ஜான் லூகரோட்டியே பின்னாளில் நாவலும் எழுதினார்.

சரி, அந்த நாவலை ஆவணம்னு நம்பலாமா? விட்டேக்கரைப் பாருங்க. தொடர் தொடங்குவது ஒரு பள்ளியிலும் பழைய சாமான் கிடங்கிலும். நாவலோ பனிமூட்டத்தில் ஒரு சாலை விபத்தோடு தொடங்குது. அந்தப் பகுதிகளின் படச்சுருள் தப்பியதால் இது நமக்குத் தெரியுது. 'மார்க்கோ போலோ'வுக்கு அந்த வசதி இல்லை. ஒலிப்பதிவைப் பக்கத்தில் வச்சுக்கிட்டுப் படிங்க.