குருதிவழி வரும் தூது

மனித உடலின் உறுப்புகள் தமக்குள் எவ்வாறு செய்தி பரிமாறிக்கொள்கின்றன? பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்வரை மருத்துவ உலகம் இதற்குப் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் சொல்லி வந்தது. நரம்புகளே எல்லா ஏவல்களையும் கொண்டு செல்கின்றன என்பதே அவ்விடை. இரைப்பையிலிருந்து புளித்த உணவு சிறுகுடலை அடைந்ததும் கணையம் தன் நீரைச் சுரப்பதும் நரம்பின் ஏவலே என்று ரஷ்ய அறிஞர் பாவ்லவ் கருதினார்.

1902-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் லண்டனில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் இருவர் இதனைச் சோதித்தனர். மயக்கமூட்டிய ஒரு நாயின் சிறுகுடற் பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு, அக்குடலினுள் அமிலத்தைச் செலுத்தினர். நரம்பின் தொடர்பு அற்றுப்போயிருந்தும் கணையம் சுரந்தது. பின்னர்க் குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலத்துடன் அரைத்து, வடித்தெடுத்த சாற்றைக் குருதியில் ஏற்றினர். அப்போதும் கணையம் சுரந்தது. குடல் ஒரு பொருளைக் குருதியில் கலக்கிறது. அது சென்று கணையத்தை எழுப்புகிறது என்பது தெளிவாயிற்று. அப்பொருளுக்குச் 'செக்ரெட்டின்' என்று பெயரிட்டனர். இத்தகைய தூதுப் பொருள்களுக்கு 1905-இல் ஸ்டார்லிங் வழங்கிய பெயரே 'ஹார்மோன்'. தூண்டி எழுப்புதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது.

உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நாளம் உண்டு. தைராய்டு, பிட்யூட்டரி, அட்ரினல் போன்றவற்றுக்கு அது இல்லை. அவை தம் சுரப்பை நேரே குருதியில் சேர்க்கின்றன. அதனாலேயே அவை நாளமில்லாச் சுரப்பிகள் எனப்பட்டன. கணையமோ இரு வகையிலும் சேர்ந்தது. செரிமான நீரை நாளத்தின் வழியே குடலுக்கு அனுப்பும் அதே உறுப்பு, இன்னொரு பொருளைக் குருதியில் கலக்கிறது. அந்த இன்னொரு பொருளைத் தேடிய வரலாறு நீண்டது.

1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர், கணையத்தில் சிறு சிறு திட்டுகளாக அமைந்த உயிரணுக் கூட்டங்களைக் கண்டு எழுதினார். அவற்றின் பணி என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் இருவரும் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது, அதற்குக் கடுமையான நீரிழிவு கண்டது. நோயின் மூலம் கணையத்தில் இருப்பது புலனாயிற்று. ஆனால் அங்குள்ள மருந்தைப் பிரித்தெடுக்கும் வழி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடிபடவில்லை. அதுவரை, நீரிழிவு கண்ட சிறுவர்களுக்கு மருத்துவர்களால் பட்டினியை ஒத்த உணவுக் கட்டுப்பாட்டை மட்டுமே விதிக்க முடிந்தது. அது சாவைச் சற்றே தள்ளிவைத்தது, தடுக்கவில்லை.

1921-ஆம் ஆண்டு கோடையில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் பான்டிங் என்னும் இளம் அறுவை மருத்துவர், பேராசிரியர் மக்லியாட் அளித்த ஆய்வுக்கூடத்தில், சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரின் துணையுடன் தம் சோதனைகளைத் தொடங்கினார். 1922 ஜனவரி 11-ஆம் நாள், பதினான்கு வயதான லியனார்டு தாம்சன் என்னும் சிறுவனுக்கு அவர்கள் தயாரித்த சாறு ஊசி மூலம் செலுத்தப்பட்டது. போதிய பயனில்லை; சாற்றில் மாசு மிகுந்திருந்தது. கோலிப் என்ற வேதியியல் அறிஞர் இரவு பகலாக முயன்று அதனைத் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23 முதல் அச்சாறு செலுத்தப்பட்டதும் சிறுவனின் குருதியிலிருந்த சர்க்கரை வெகுவாக இறங்கியது, உடல் தேறியது. அதன்பின் அவன் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான்.

1923-இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மக்லியாடுக்கும் கிடைத்தது. பரிசுத் தொகையில் பான்டிங் பெஸ்டுக்கும், மக்லியாட் கோலிப்புக்கும் பங்களித்தனர். பான்டிங், பெஸ்ட், கோலிப் மூவரும் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். ருமேனிய அறிஞர் பாலெஸ்கு, 1921-லேயே கணையச் சாற்றால் நாய்களின் குருதிச் சர்க்கரை குறைவதை வெளியிட்டிருந்தும் அப்பரிசில் இடம்பெறாமற் போனார்.

இன்சுலின் செய்யும் பணிதான் என்ன? நாம் உண்டபின் குருதியில் சர்க்கரை ஏறுகிறது. லாங்கர்ஹான்ஸ் கண்ட அத்திட்டுகள் அதனை உணர்ந்து இன்சுலினைச் சுரக்கின்றன. அதன் ஏவலால் தசையும் கொழுப்பும் சர்க்கரையை ஏற்கின்றன. கல்லீரல் அதனைச் சேமிக்கிறது. பசித்திருக்கும்போது அதே திட்டுகளிலிருந்து எழும் குளுக்ககான் என்ற மற்றொரு ஹார்மோன், சேமித்ததை வெளியே விடுமாறு கல்லீரலுக்கு உரைக்கிறது. ஒன்று இறக்க, மற்றொன்று ஏற்ற, தராசு நிலைபெறுகிறது.

இவ்வரலாறு நம் இல்லங்களுக்கும் ஒரு செய்தி சொல்கிறது. 'இன்சுலின் போட்டால் கடைசிக் கட்டம்', 'ஒருமுறை போட்டால் அதற்கே அடிமை' என்று அஞ்சி, மருத்துவர் சொன்ன பிறகும் நாளைக் கடத்துவோர் நம்மிடையே பலர். இன்சுலின் போதைப் பொருளன்று. உடல் தானே சுரந்துகொண்டிருந்த ஒன்று. சுரப்பு நின்றபோதோ போதாதபோதோ அதனை வெளியிலிருந்து ஈடு செய்கிறோம், அவ்வளவே. அது ஒரு புரதம்; விழுங்கினால் உணவைப்போலவே செரித்துவிடும். ஊசியின் தேவை அதனால்தான். முன்பு மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்ட அம்மருந்து, 1982 முதல் மனித இன்சுலினாகவே நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்துள்ளது.

1922-க்கு முன் நீரிழிவு கண்ட குழந்தையின் தாய்க்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. இன்று வழி இருக்கிறது. வீண் அச்சத்தால் அதனை நாமே அடைத்துவிடலாகாது.