போர்ச் சுவரில் ஆறு வரி

அலோர் ஸ்டாரை ஒட்டிய மெர்கோங்கில், என் மாமா வீட்டு போர்ச் சுவரில் ஆறு வரி எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. எழுதியவன் நான். படிக்க வேண்டியவர்கள் மாமா, அத்தை, வார இறுதியில் வந்துபோகும் பேரப்பிள்ளைகள். 2024 டிசம்பரில் புரோட்டான் இ.மாஸ் 7 வெளிவந்த பிறகு, "நம்ம ஊரு காடிதானே" என்று துணிந்து மின்சாரக் கார் வாங்கிய குடும்பங்களில் அவர்களும் உண்டு. உள்ளே இருப்பது சீனத்துக் கீலியின் வடிவமைப்பு என்பது வேறு கதை. சார்ஜ் கேபிளை மாட்டுவதற்கு அந்த வீட்டில் யாருக்கும் பாடம் தேவைப்படவில்லை. கழற்றுவதில்தான் ஆளுக்கொரு முறை. ஆறு வரி எழுதினால் போதும் என்று நினைத்தேன். மாமா வரிக்கு வரி "ஏன்?" என்றார். அவரிடம் சொன்னதும் சொல்லாமல் விட்டதும் சேர்ந்ததே இந்த உரை.

மூலம்:

கேபிளைத் தொடுமுன் சார்ஜை நிறுத்துங்கள்.
காரின் பூட்டைத் திறங்கள்.
கைப்பிடியைப் பிடித்து நேராக இழுங்கள். வயரைப் பிடிக்க வேண்டாம்.
காரில் கழற்றிய பிறகே சுவரில்.
வராவிட்டால் இழுக்க வேண்டாம்.
மூடியைப் போட்டு, கேபிளைச் சுற்றி மாட்டுங்கள்.

"கேபிளைத் தொடுமுன் சார்ஜை நிறுத்துங்கள்"

மற்ற ஐந்து வரிகளையும் மறந்துவிட்டாலும் இந்த ஒன்றை மறக்கக் கூடாது. வீட்டுச் சுவரில் மாட்டும் ஒற்றை ஃபேஸ் சார்ஜர் 230 வோல்ட்டில் 32 ஆம்பியர் வரை கொடுக்கும். அதாவது சுமார் 7.4 கிலோவாட். இவ்வளவு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு உலோகங்களைப் பிரித்தால் இடையே தீப்பொறி தாவும். தாவும் ஒவ்வொரு தடவையும் பின்னின் முகத்தில் ஒரு சின்னக் குழி விழும். குழி விழுந்த பின் அடுத்த முறை சரியாகத் தொடாது. சரியாகத் தொடாத இடம் சூடேறும். சூடேறிய இடம் இன்னும் கருகும்.

இதை மாமாவுக்குப் புரியவைக்க நான் சிரமப்படவே இல்லை. ஒரு காலத்தில் தோட்டத்து என்ஜின் கொட்டாயில் வேலை பார்த்தவர் அவர். லயன் வீடுகளுக்கு இரவில் சில மணி நேரம் மட்டும் விளக்கெரிந்த காலம் அது. கத்தி போன்ற செம்புப் பட்டை வைத்த பழைய சுவிட்சைச் சுமையோடு இறக்கினால் நீலமாக ஒன்று நீளும் என்று, கையை விரித்து நீளம் காட்டினார். அவர் காட்டிய நீளத்தில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனால் விஷயம் அதுவேதான்.

திரையிலோ செயலியிலோ 'நிறுத்து' என்பதை அழுத்தினால் நடப்பது இது. காருக்கும் சார்ஜருக்கும் இடையே மெல்லிய வயர் ஒன்றில் ஒரு சமிக்ஞை எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் உச்சம் 6 வோல்ட்டாக இருந்தால் 'கொடு' என்று பொருள். 9 வோல்ட் என்றால் 'இணைந்திருக்கிறேன், ஆனால் இப்போது வேண்டாம்'. 12 வோல்ட் என்றால் மறுமுனையில் காரே இல்லை. நிறுத்தச் சொன்னதும் கார் முதலில் தான் இழுக்கும் மின்சாரத்தைக் குறைத்து, பிறகு 6-ஐ 9 ஆக்குகிறது. அதிலிருந்து பத்தில் ஒரு வினாடிக்குள் சார்ஜர் பெட்டிக்குள் உள்ள கான்டாக்டர் என்னும் சுவிட்ச் பிரிய வேண்டும் என்பது சர்வதேசத் தர விதி. போர்ச்சில் நிற்பவருக்குக் கேட்பது ஒரு 'டக்'. அந்த 'டக்'குக்குப் பிறகு, கையில் இருக்கும் கேபிளின் பெரிய பின்களில் மின்சாரம் இல்லை. பிரிக்கும் வேலையைப் பெட்டி செய்துவிட்டது. நாம் செய்யப்போவது வெறும் எடுத்துவைக்கும் வேலை.

"காரின் பூட்டைத் திறங்கள்"

பூட்டு யார் கையில் என்று தெரியாததால்தான் பாதிப் பேர் கைப்பிடியில் பட்டனைத் தேடுகிறார்கள். பட்டன் கிடையாது. மலேசியாவுக்கு ஆரம்பத்தில் வந்த மிட்சுபிஷி ஐ-மீவ், முதல் நிசான் லீஃப் ஆகியவற்றில் இருந்த டைப் 1 கைப்பிடியில் கட்டைவிரலால் அழுத்தும் கொக்கி உண்டு. இப்போது எங்கும் பார்ப்பது டைப் 2. 2009-இல் ஜெர்மனியின் மென்னெகெஸ் நிறுவனம் முன்வைத்த வடிவம் அது. அதில் பூட்டு காரின் பக்கம் இருக்கிறது: சார்ஜ் வாய்க்குள்ளிருந்து ஒரு முளை நீண்டு, கைப்பிடியில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதை நகர்த்துவது ஒரு குட்டி மோட்டார். அந்த மோட்டாருக்குக் கட்டளை கொடுப்பது கார் சாவி.

இதில் நமக்கு லாபமும் உண்டு. ஷாப்பிங் மாலில் காரை சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், அவசரக்காரர் எவரும் நம் கேபிளைப் பிடுங்கித் தன் காரில் செருக முடியாது. நஷ்டம், சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வெளியே வந்தவருக்கு. பல கார்களில் பூட்டைத் திறந்தாலே சார்ஜும் நின்றுவிடும். அப்படியானால் முதல் வரி எதற்கு என்று பேத்தி கேட்டாள். எல்லாக் கார்களிலும் அப்படி இல்லை, வீட்டுக்கு விருந்தாளி கார்களும் வரும் என்பதே பதில். இன்னொன்று: பூட்டைத் திறந்துவிட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தால் சில கார்கள் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

நெடுஞ்சாலையில் உள்ள வேக சார்ஜரில் இந்தப் பூட்டு இன்னும் கறாரானது. அங்கே வருவது நேர்மின்சாரம், பல நூறு வோல்ட். வீட்டு மின்சாரம் வினாடிக்கு நூறு தடவை சுழியைத் தொட்டுப் போவதால், தீப்பொறி தாவினாலும் தானே அணைய வழியுண்டு. நேர்மின்சாரத்துக்கு அந்த மூச்சு விடும் இடைவெளி இல்லை. தாவினால் தாவியபடியே நிற்கும். ஆகவே வோல்ட்டேஜ் 60-க்குக் கீழே இறங்கும்வரை அந்தக் கைப்பிடி விடுபடாதபடி செய்திருக்கிறார்கள். 'நிறுத்து' அழுத்திய பிறகும் சில வினாடி கேபிள் அசையாமல் இருப்பதற்குக் காரணம் இது. பழுது இல்லை. சார்ஜர் கம்பத்தில் உள்ள சிவப்பு அவசர பட்டனை 'சீக்கிரம் கழற்றும் பட்டன்' என்று எண்ணி அழுத்துவோரையும் பார்த்திருக்கிறேன். அழுத்தினால் கம்பமே முடங்கும். யாராவது வந்து சரிசெய்யும்வரை பின்னால் காத்திருப்பவர் நம்மை வாழ்த்தமாட்டார்.

"கைப்பிடியைப் பிடித்து நேராக இழுங்கள், வயரைப் பிடிக்க வேண்டாம்"

இஸ்திரிப் பெட்டி பிளக்கை வயரைப் பிடித்துப் பிடுங்கும் கை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். அந்தக் கைக்காகத்தான் இரண்டாம் பாதி.

முதல் பாதி பின்களுக்காக. டைப் 2 கைப்பிடியை முகத்துக்கு நேரே திருப்பிப் பார்த்தால் ஏழு துளைகள் தெரியும். மேலே தட்டையான விளிம்பை ஒட்டி இரண்டு சிறியவை, நடுவில் எர்த், சுற்றிலும் நியூட்ரலும் மூன்று ஃபேஸ்களும். ஒற்றை ஃபேஸ் வீட்டுக் கேபிளில் இரண்டு ஃபேஸ் துளைகள் வெறுமையாக இருக்கலாம். ஏழும் ஒரே நேரத்தில் தொடுவதில்லை, ஒரே நேரத்தில் பிரிவதுமில்லை. செருகும்போது எர்த் முதலில் தொடும்; சமிக்ஞை பின் கடைசியில். இழுக்கும்போது அப்படியே தலைகீழ். ஒருவேளை பூட்டு உடைந்து, யாரோ ஓடும் சார்ஜிலேயே இழுத்துவிட்டாலும், சமிக்ஞை பின் முதலில் விலகிவிடும். சார்ஜர் அதை 'கார் போய்விட்டது' என்று எடுத்துக்கொண்டு, பெரிய பின்கள் பிரிவதற்குள் மின்சாரத்தைத் துண்டிக்கப் பார்க்கும். எர்த் மட்டும் கடைசிவரை கூடவே இருக்கும். இந்தச் சின்ன நீள வித்தியாசத்தை யோசித்தவருக்கு நான் ரசிகன். ஆனால் அது முதல் வரியை மீறுவோருக்கான கடைசிக் காப்பு. தினமும் அதை நம்பி இழுப்பது நல்ல பழக்கம் இல்லை. கோணலாக ஆட்டி ஆட்டி இழுத்தால் அந்த ஒழுங்கும் கெடும், பின்னும் தேயும்.

அத்தையின் கேள்வி மழையைப் பற்றியது. கெடாவில் செப்டம்பர், அக்டோபர் மாலைகளில் மழை சொல்லிவிட்டு வருவதில்லை. ஈரக் கையோடு கழற்றலாமா? காரில் செருகாத கைப்பிடியில் மின்சாரம் இருக்காது. மறுமுனையில் கார் இருக்கிறது என்று சமிக்ஞை சொன்னால்தான் கான்டாக்டர் மூடும். ஆக, சாரல் பட்டால் பயமில்லை. துளைகளை மேல்நோக்கிப் பிடித்துத் தண்ணீர் நிரப்பிக்கொள்ளாமல் கீழ்நோக்கிப் பிடித்தால் போதும். பக்கத்தில் இடி விழுகிற நேரத்தில் மட்டும் போர்ச்சில் என்ன வேலை? உள்ளே இருங்கள்.

"காரில் கழற்றிய பிறகே சுவரில்"

இது காரோடு வரும் மூன்று பின் பிளக் கேபிளுக்கு. அதில் காரின் முனைதான் பேசத் தெரிந்த முனை. சுவர் முனை சாதாரண 13 ஆம்பியர் பிளக். செருகியிருக்கும்வரை அங்கே மின்சாரம் உண்டு. அங்கே முதலில் பிடுங்கினால் முழுச் சுமையும் அந்தச் சாக்கெட்டில் பிரியும். பல மணி நேரம் 10 ஆம்பியர் ஓடி ஏற்கெனவே சூடாக இருக்கும் சாக்கெட் அது. பெரிய பேட்டரி உள்ள இ.மாஸ் 7-இன் கொள்ளளவு 60.22 கிலோவாட்-மணி, காலியிலிருந்து நிரப்ப இந்த வழியில் ஒரு நாளைத் தாண்டும். அத்தனை நேரம் உழைத்த பிளக்கைக் காரில் கழற்றிய பின், சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு எடுங்கள். தொட்டால் கையைச் சுடுகிறதா? வயர்மேனைக் கூப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

"வராவிட்டால் இழுக்க வேண்டாம்"

பெரும்பாலும் காரணம் கேபிளின் எடை. கைப்பிடி கீழே தொங்கி, பூட்டு முளையின் மேல் பாரம் ஏறி, முளை நகர முடியாமல் இறுகிக்கொள்கிறது. இழுத்தால் இன்னும் இறுகும். செய்ய வேண்டியது எதிர்மாறு: ஒரு கையால் கைப்பிடியைச் சற்றுத் தூக்கி உள்நோக்கி அழுத்திக்கொண்டு, மறு கையால் சாவியில் பூட்டித் திறக்க வேண்டும். பத்தில் எட்டு முறை இதிலேயே விட்டுவிடும் என்பது என் அனுபவக் கணக்கு.

அதிலும் வராவிட்டால் 12 வோல்ட் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், பூட்டின் குட்டி மோட்டார் ஓடுவது அந்தச் சின்ன பேட்டரியில். பல கார்களில் கையால் விடுவிக்க ஒரு கயிறோ வளையமோ பின்புறச் சாமான் பெட்டியிலோ பானட் அடியிலோ ஒளிந்திருக்கும். இடம் காருக்குக் கார் மாறும், கையேட்டில் படம் உண்டு. சார்ஜரின் மெயின் சுவிட்சை அணைத்த பிறகே அதைத் தொட வேண்டும். பொது இடத்தில் நம் சொந்தக் கேபிளை மாட்டியிருந்தால், கம்பத்தின் பக்கமும் ஒரு பூட்டு இருப்பதை நினைவில் வையுங்கள். காரில் கழன்று கம்பத்தில் கழலவில்லை என்றால், செயலியில் சார்ஜ் இன்னும் முடிக்கப்படாமல் கிடக்கும்.

"மூடியைப் போட்டு, கேபிளைச் சுற்றி மாட்டுங்கள்"

துளை கண்டால் குளவி மண் பூசும், எறும்பு குடியேறும். மூடி அதற்கு. சுற்றுவது சக்கரத்துக்குப் பயந்து.

மாமா இதன் கீழே பேனாவால் ஏழாவது வரி ஒன்று சேர்த்திருக்கிறார்: "கழட்டாம காடிய எடுக்காத." இது தேவையில்லை, கேபிள் செருகியிருப்பதைக் கார் இன்னொரு சின்ன பின் வழியாகத் தெரிந்துகொள்ளும், அதுவரை கியர் விழாது என்றேன். "செருகி இருந்தாத்தானே தெரியும்? கழட்டித் தரையில போட்டிருந்தா?" என்றார். அது காருக்குத் தெரியாதுதான். வரி அப்படியே இருக்கிறது, ஒருமையும் திருத்தப்படவில்லை.