மதுரை நாயக்கர் அரசின் படைநிலை அமைப்பு

மதுரை நாயக்கர் அரசின் படைநிலை அமைப்பு என்பது, 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அயல்படையெடுப்புகளை எதிர்கொள்ள அவ்வரசு எல்லையிலும் தலைநகரிலும் படைகளை நிறுத்திய ஏற்பாடாகும். விசுவநாத நாயக்கரும் தளவாய் (படைத்தலைவர்) அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தனர் என்பது மரபு. படைகளைப் பேணுவதற்காக ஒதுக்கப்பட்ட நிலப்பகுதியே பாளையம். அதன் தலைவரான பாளையக்காரர் வரி தண்டி, ஒரு பங்கை மன்னருக்குச் செலுத்தி, அழைப்பு வரும்போது படையுடன் வரக் கடமைப்பட்டிருந்தார். மதுரைக் கோட்டையின் ஒவ்வொரு கொத்தளமும், அதாவது மதிலின் காவல் மேடையும், ஒரு பாளையக்காரரின் பொறுப்பில் இருந்ததாகக் கூறப்படுகிறது.

மைசூர்ப் படை கொங்குநாட்டு வழியாக மதுரைச் சமவெளிக்குள் இறங்கக்கூடும் என்பதால், திண்டுக்கல் மலைக்கோட்டை வடமேற்கின் முதன்மைக் காவலரணாயிற்று. திருமலை நாயக்கரின் ஆட்சித் தொடக்கத்தில் தளவாய் இராமப்பய்யர் மைசூர்ப் படையை அங்கிருந்து விரட்டினார்; ஆனால் 1650-களில், மூக்கறுப்புப் போர் எனப்படும் படையெடுப்பில், பகைவர் மதுரையை நெருங்கியபோது இராமநாதபுரம் சேதுபதியின் படையே நகரைக் காத்தது. குறைந்த செலவில் எல்லை முழுவதையும் காத்த இவ்வமைப்பு, பாளையக்காரரின் பற்றுறுதியைச் சார்ந்திருந்ததால், மைய அரசு தளர்ந்ததும் வலுவிழந்தது. 1736-இல் ஆர்க்காட்டு நவாபின் மருமகனான சந்தா சாகிப், அப்போது தலைநகராயிருந்த திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றியதோடு நாயக்கர் ஆட்சி முடிவுற்றது.