முன்வரிசை

தம்மம்பட்டிச் சிற்பிகள் மரத்தில் செதுக்குகிற சாமி வாகனங்களுக்கு நம் கச்சேரிச் சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு. இதுவரை யாரும் கொடுத்ததில்லை. உற்சவ மூர்த்தி தெருவுக்கு வருவதற்காகத்தான் வாகனம். மூர்த்திக்கு முன்னால் நாதஸ்வரம் வரும். கோயில்வரை நடக்க முடியாத கிழவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மேளம் அவர் வாசலில் நின்று ஒரு ராகத்தை விரித்துவிட்டு நகரும். அவர் முன்வரிசைக்குப் போகவில்லை. முன்வரிசை அவரிடம் வந்தது. இதைப் பொற்காலமாக்கி உருக வேண்டியதில்லை. வாகனம் சேரிக்குள் போகவில்லை. அங்கிருந்த கிழவருக்குக் காற்று கொண்டுவந்த அளவுதான் நாதஸ்வரம். திருப்புன்கூரில் நந்தி விலகியது நந்தனார் ஒருவருக்காக, ஒரே ஒரு தடவை. மற்றவர்கள் மதுரைக் கோயிலுக்குள் நுழைய 1939இல் வைத்தியநாதய்யர் வரவேண்டியிருந்தது.

சேலம் ஜில்லாவின் கூத்துக் களங்களில் ஏற்பாடு வேறு. கூத்துக்கு டிக்கெட் கிடையாது என்பதால் இடத்துக்குப் போட்டி இல்லை என்று நினைப்பவர்கள் கூத்துப் பார்க்காதவர்கள். பொழுது சாயும்போதே பாய் வந்துவிடும். விரித்துவிட்டுப் போனால் அந்த இடம் பாய்க்காரருடையது. முன்னால் உட்காருகிறவர்கள் கிழவர்கள், கிழவிகள், குழந்தைகள். உழைத்துவிட்டு வருகிற வயதுக்காரர்கள் பின்னால் நிற்பார்கள். முன்னிடத்தின் விலை இங்கே காசு அல்ல, நேரம். அந்த நாணயம் முதியவர்களின் மடியில்தான் இருந்தது. தூக்கம் வந்தால் அங்கேயே சாய்ந்துகொண்டு, கட்டியங்காரன் குரல் கேட்டு எழுந்துகொள்வார்கள். இதுவும் ஒரு ரசனைதான்.

டிக்கெட் இதை உடைத்தது. உடைத்ததில் ஒரு நியாயமும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாடகக் கொட்டகையின் வாசலில் கேட்கப்பட்டது கோத்திரமல்ல, காசு. சோபா, நாற்காலி, பெஞ்சு, தரை என்று மனிதர்கள் புதிதாகப் பிரிக்கப்பட்டார்கள். ஆனாலும் இந்தப் பிரிவை ஒரு நல்ல விளைச்சலில் தாண்டிவிட முடிந்தது. 1927இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபையோடு கூடிய சங்கீத மாநாட்டிலிருந்து 1928இல் மியூசிக் அகாதெமி பிறந்தது. அதற்குப் பிறகு சபா என்கிற ஸ்தாபனம் வேரூன்றியபோது முன்வரிசை நன்கொடையாளர்களுக்கும் பிரமுகர்களுக்கும் போயிற்று. அவர்களில் பாதிப்பேர் வரமாட்டார்கள். காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு வித்வான் பாடுவார். பல்லவியின் கணக்கைத் தொடையில் போட்டுக்கொண்டிருக்கிற வயசாளி கடைசி வரிசையில் இருப்பார்.

விசித்திரம் என்னவென்றால், அன்று கேட்பதற்கு முன்வரிசை அவசியமே இல்லை. எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் ஒலிபெருக்கி இல்லாமலே தரை டிக்கெட்டின் கடைசி ஆள்வரை போனது என்பார்கள். 1933இல், 27 வயதில் செத்துப்போன ஒரு மனிதரின் தொண்டை கொட்டகையின் வகுப்புப் பிரிவினையை இரவுக்கு இரவு ரத்து செய்திருக்கிறது. சோபாக்காரர் வாங்கியது ஓசையை அல்ல, அந்தஸ்தை. டூரிங் டாக்கீஸ் வந்தபோது எல்லாம் தலைகீழாயிற்று. திரைக்கு மிக அருகில், மணலைக் குவித்து உட்கார்கிற இடம்தான் மலிவு. காசுள்ளவர் பின்னுக்குப் போனார். ஆக, முன்வரிசைக்கு இயல்பாக எந்த மதிப்பும் இல்லை. விலை எங்கே ஒட்டப்படுகிறதோ அங்கே மதிப்பு.

இப்போது ஒட்டப்பட்டிருக்கிற விலை மூன்றாவது வகை. 2023 செப்டம்பர் 10இல் சென்னைக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நடந்தது. ஆகஸ்டில் மழையால் தள்ளிப்போன நிகழ்ச்சி. தங்கம், பிளாட்டினம் என்று உலோகப் பெயர் சூட்டிய வகுப்புகளுக்குப் பணம் கட்டியவர்களில் பலர் உள்ளேயே போக முடியவில்லை. நெரிசலில் பெண்கள் சீண்டப்பட்டார்கள், குழந்தைகள் கைநழுவினார்கள். பிறகு மன்னிப்பு, பணம் திருப்பல் எல்லாம் நடந்தன. 1992இல் 'ரோஜா' வந்தபோது 25 வயதானவருக்கு அன்று 56. நிகழ்ச்சியின் தலைப்பே அவருடைய ஞாபகத்தை நோக்கி வீசப்பட்ட தூண்டில். ஆனால் மைதானம் அவருடைய முழங்காலை எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் பாடியபோது, பின்னால் இலவசமாக நின்றவர்கள் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு கட்டணப் பகுதிக்குள் புகுந்தார்கள். நிகழ்ச்சி நடுவில் நின்றது. அதை வெறும் காலித்தனம் என்று எழுதினார்கள். மேடையைத் தூரத்துப் புள்ளியாக்கிவிட்டு இலவசம் என்று பெயர் வைத்தவர்களைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம். உடைத்தவர்களும் வலுத்த தோள்காரர்கள்தான் என்பது வேறு விஷயம். வேலி விழுந்தாலும் கிழவருக்கு இடமில்லை.

இன்னொரு செய்தி, நம்மைப் போன்ற சிறுபத்திரிகைக்காரர்களுக்கு. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்காக அவருடைய ரசிகர்கள் 'பேக்ஸ்ட்ரீட்ஸ்' என்ற பத்திரிகையை 1980இல் தொடங்கினார்கள். 2022இல் அவர் கச்சேரிகளுக்கு, கேட்பவர் பெருகப் பெருக விலை தானாக ஏறும் முறை வந்து, சில டிக்கெட்டுகள் 5,000 டாலரைத் தொட்டன. தொழிலாளியின் வலியைப் பாடியவர் அவர். 2023 பிப்ரவரியில் பத்திரிகை தன்னை மூடிக்கொண்டது. 43 வருஷம். நம்மில் பத்திரிகை நின்றால் காகித விலை, சந்தா பாக்கி, ஆசிரியர் சண்டை என்று காரணம் சொல்வோம். முன்வரிசையின் விலையால் ஒரு பத்திரிகை நின்றது என்பது எனக்குப் புதிது.

பாய்க்கு மாலை முழுவதும் அவகாசம் இருந்தது. கைப்பேசி விற்பனைக்குச் சில நிமிஷங்கள். காத்திருக்கத் தெரிந்தவரின் ஒரே மூலதனம் இங்கே செல்லாக் காசு. வேகமான விரலும், அதன்பின் நாலு மணி நேரம் நிற்கிற காலும்தான் தகுதி. மேடைக்கு முன்னால் நாற்காலியே கிடையாது. இதைச் சந்தையின் இயற்கை என்பவர்களுக்கு எங்கள் கவுண்டரைக் காட்டுவேன். மூத்த குடிமக்களுக்குத் தனிக் கவுண்டரோ, அவர்களுக்கு முன்னுரிமை தருகிற கவுண்டரோ ஒதுக்கும்படி ரிசர்வ் வங்கி 2017இல் வங்கிகளுக்கு உத்தரவிட்டது; வரிசையில் நிற்கிற இளைஞர்களுக்கு அதனால் ஒன்றும் குடிமுழுகவில்லை. ரயிலில் 60 தாண்டிய ஆணும் 45 தாண்டிய பெண்ணும் வயதைக் குறிப்பிட்டால் போதும். கீழ்ப் படுக்கை இருக்கிறவரை கம்ப்யூட்டர் அதை அவர்களுக்குத்தான் கொடுக்கிறது. கச்சேரி டிக்கெட் விற்கிற கம்ப்யூட்டரும் அதே ஜாதிதான். அதனிடம் யாரும் வயதைச் சொல்லிக் கேட்கச் சொல்லவில்லை.